பாடுகிற அப்பா ஏன் கதைக்கவில்லை?

வலிகாமத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை நீக்கிக் கடிதத்தின் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அப்பாவுக்கு 68 வயது. ஏழு கிழமைக்கு முன்னர் பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் இழுத்துவிட்டன. கால் ஓரளவு தேறி, இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சுத்தான் திரும்பவில்லை. எதைக் கேட்டாலும் "ஓம், ஓம்" என்கிறார். ஆனால் பின்னேரம் விளக்கேற்றித் தேவாரம் தொடங்கினால் சொல் பிசகாமல் கூடவே பாடுகிறார். கோபம் வந்தால் கெட்ட வார்த்தையும் தெளிவாக வந்து விழுகிறது. "பாடத் தெரிஞ்ச மனுசனுக்குக் கதைக்கத் தெரியாதோ? உது வீம்பு" என்கிறார் சித்தப்பா. புத்தி பேதலித்துவிட்டது என்கிறது அயல். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணர், நிலைமை இன்னும் மோசமாவதற்கு முன் பெருவிரல் அடையாளத்தை வாங்கி வீட்டு உறுதியை மாற்றச் சொல்கிறார். இடப்பக்க மூளையில் பேச்சுக்குரிய இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். "மூளையைத் திறந்து பார்க்காமல் அது எப்படித் தெரியும், இது ஊகம்தானே?" என்று மகள் கேட்கிறார். மனிதன் மூளையில் பத்து வீதத்தைத்தான் பாவிக்கிறான், மிச்சத்தை எழுப்பலாம் என்று ஒரு காணொளி பார்த்துக் குளிசையும் வாங்கி வைத்திருக்கிறார். கொடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

சகோதரி, முதலில் அப்பாவைப் பற்றி. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால் அவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை, இது வீம்பும் இல்லை. இதை மருத்துவத்தில் அபேசியா என்போம். தமிழில் மொழியிழப்பு என்று சொல்லலாம். நாக்கும் தொண்டையும் இயங்கும், நினைவு இருக்கும், ஆட்களைத் தெரியும். நினைத்ததைச் சொல்லாக்கும் வழி மட்டும் அறுந்திருக்கும். கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவு கட்ட முடியாது. அவரைப் பார்க்கும் வைத்தியர்தான் உறுதிசெய்ய வேண்டும். ஆனாலும் உங்கள் வைத்தியர் சொன்னது ஊகம் இல்லை. அது எப்படித் தெரியவந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

எகிப்தில் கி.மு. 1600 அளவில் பிரதி எடுக்கப்பட்ட ஒரு பாப்பிரசுச் சுருளில் 48 நோயாளரைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. நெற்றிப்பொட்டில் காயம்பட்டவன் கூப்பிட்டாலும் பேசமாட்டான் என்று அதில் எழுதியிருக்கிறது. தலையில் அடி, வாயில் பேச்சில்லை. இந்தத் தொடர்பு அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் அதே எகிப்தியர் இறந்த உடலைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்து எறிந்துவிட்டு, இதயத்தைத்தான் பத்திரப்படுத்தினார்கள். அரிஸ்டோட்டில்கூட அறிவு இதயத்தில் இருக்கிறது, மூளை உடற்சூட்டைத் தணிக்கிறது என்றே நம்பினார். "நெஞ்சைத் தொட்டுச் சொல்லு" என்று இன்றும் கேட்கிற எங்களுக்கு அது விசித்திரமாகப் படக்கூடாது.

2ஆம் நூற்றாண்டில் கலென் என்ற வைத்தியர் ரோமில் பலர் முன்னிலையில் ஒரு பன்றியின் குரல்வளைக்குப் போகும் நரம்பை வெட்டிக் காட்டினார். வீரிட்டுக் கத்திக்கொண்டிருந்த பன்றி சட்டென்று ஓய்ந்தது, உயிர் போகவில்லை. குரலை ஆள்வது இதயம் அல்ல, மூளையிலிருந்து வரும் நரம்பு என்று அதன்மூலம் நிறுவினார். ஆனால் அவர் நிறுத்தியது குரலைத்தான். உங்கள் அப்பாவுக்குக் குரல் இருக்கிறது, மொழிதான் இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பது தெளிவாக இன்னும் 1,700 ஆண்டுகள் பிடித்தன.

அதைத் தெளிவாக்கியவர் பேசமுடியாத ஒரு நோயாளி. பாரிசில் பிசேத்ர் வைத்தியசாலையில் லெபோர்ன் என்றொருவர் 21 ஆண்டுகள் இருந்தார். 30 வயதில் பேச்சுப் போய்விட்டது. எதைக் கேட்டாலும் "டான், டான்" என்ற ஒரே அசைதான் வரும். சில ஆண்டுகள் கழித்து வலக்கையும் பிறகு வலக்காலும் விழுந்தன. 1861 ஏப்ரலில், கால் அழுகிச் சாகக்கிடந்த நிலையில், போல் புரோக்கா என்ற அறுவை வைத்தியர் அவரைப் பரிசோதித்தார். இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். லெபோர்ன் இடக்கையை ஐந்து விரலும் தெரிய நான்கு முறை விரித்துக் காட்டிவிட்டு, ஒரு விரலை நீட்டினார். 21. அடுத்த நாளும் கேட்டபோது அதே விடை. மூன்றாம் முறை கேட்டபோது, தன்னைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று விளங்கிவிட்டது. கோபம் வந்து ஒரு முழு வசவுச்சொல்லைத் தெளிவாகக் கொட்டினார்.

உங்கள் அப்பாவின் "ஓம், ஓம்", இடைக்கிடை வரும் கெட்ட வார்த்தை, விழுந்த வலக்கை எல்லாம் இங்கேயே இருக்கின்றன. புத்தி பேதலித்த ஒருவரால் 21 வருடத்தை எண்ணி விரலில் காட்ட முடியாது, தன்னைச் சோதிக்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ளவும் முடியாது.

லெபோர்ன் அந்த மாதம் 17ஆம் திகதி இறந்தார். புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தபோது இடப்பக்க முன்பகுதியில் பழுது இருந்தது. அதே ஆண்டில் லெலோங் என்ற 84 வயதுக்காரர், ஐந்து சொற்கள் மட்டும் மிஞ்சியவர், அவருக்கும் ஏறத்தாழ அதே இடம். மேலும் நோயாளர்களைப் பார்த்தபின் 1865இல், நாங்கள் இடப்பக்க மூளையால்தான் பேசுகிறோம் என்று எழுதினார். மொழியும் வலக்கையும் ஒன்றாக விழுவதன் காரணமும் பிறகு விளங்கியது. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. மொழிப் பகுதிக்கும் கை, முகத்தை இயக்கும் பகுதிக்கும் இரத்தம் கொண்டுபோவது ஒரே நாடி. அது அடைபட்டால் இரண்டும் போகும்.

1874இல் 26 வயதான கார்ல் வேர்ணிக்கே என்ற ஜேர்மன் வைத்தியர் மற்றொரு வகையைக் கண்டார். அந்த நோயாளர் சரளமாகக் கதைப்பார்கள், ஆனால் சொற்கள் அர்த்தமில்லாமல் கலந்து வரும், மற்றவர் சொல்வதும் விளங்காது. பழுது சற்றுப் பின்னால், காதுக்கு மேற்புறம். விசர் என்று பெயர் வாங்கிக் கட்டிக்கொள்வதில் இவர்கள்தான் முதல் ஆட்கள். அப்பா அந்த வகை இல்லை என்றே தோன்றுகிறது.

பிறகு வந்தவை இந்த அறிவை உறுதிப்படுத்தின, திருத்தவும் செய்தன. 1930களில் மொன்றியலில் வைல்டர் பென்பீல்ட் என்ற மூளை அறுவை வைத்தியர், நோயாளர் விழித்திருக்கும்போதே மூளையைத் திறந்து மெல்லிய மின்சாரத்தால் தொட்டார். மொழிக்குரிய இடத்தைத் தொட்டபோது கதைத்துக்கொண்டிருந்தவரின் பேச்சு நின்றது, எடுத்ததும் திரும்ப வந்தது. 1971 ஒக்டோபரில் லண்டனில் முதல் முறையாக ஒரு நோயாளியின் தலை சி.ரி. ஸ்கான் செய்யப்பட்டது. அதிலிருந்து உயிரோடிருப்பவரின் தலையைத் திறக்காமலே பழுதைப் பார்க்கலாம். உங்கள் வைத்தியர் பார்த்துச் சொன்னது அந்தப் படத்தைத்தான். புரோக்கா ஒரு நல்ல காரியம் செய்திருந்தார், லெபோர்னின் மூளையை வெட்டாமல் முழுதாகப் பேணி வைத்தார். 2007இல் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, புரோக்கா மேற்பரப்பில் கண்டதைவிடப் பழுது மிக ஆழமாக, இடங்களை இணைக்கும் நரம்பு இழைகள்வரை போயிருந்தது. ஆகவே மொழி ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்த பொருள் இல்லை, பல இடங்கள் சேர்ந்து பின்னும் வலை. அப்பா தேறலாம் என்று நான் நம்புவதற்கு அதுவே காரணம்: வலையில் ஒரு பகுதி அறுந்தால் மிச்சம் கொஞ்சமாவது வேலையைப் பகிர்ந்து எடுக்கும்.

(இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆங்கிலத்தில் படித்த படிப்பு என்று நினைக்க வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். மூளையைப் பற்றி எங்கள் மொழியில் எங்கள் ஊரிலேயே படித்தவர்கள் அன்றே இருந்தார்கள்.)

தேவாரம் எப்படி வருகிறது?

சித்தப்பாவின் சந்தேகம் நியாயமானது, முடிவுதான் பிழை. 1745இல் சுவீடனில் ஒலோஃப் டாலின் என்பவர் இதே காட்சியைப் பதிவுசெய்திருக்கிறார். வலப்பக்கம் விழுந்து பேச்சிழந்த ஒருவர், யாராவது கூடத் தொடங்கிக் கொடுத்தால் தேவாலயத்துப் பாட்டைச் சொல் தெளிவாகப் பாடினார். பின்னர் இங்கிலாந்து வைத்தியர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் இதற்கு நல்ல விளக்கம் தந்தார். பேச்சில் இரண்டு தரம் உண்டு. ஒன்று, அந்தந்த நேரம் நினைத்ததைப் புதிதாகக் கோத்துச் சொல்வது. மற்றது, ஊறிப்போய்த் தானாக வருவது: பாட்டு, வசவு, ஒன்று இரண்டு மூன்று, திங்கள் செவ்வாய் புதன். முதலாவதுக்கு இடப்பக்க மொழிவலை வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் தப்பிவிடுகிறது, அதிலும் இராகத்துக்கு வலப்பக்க மூளை நன்றாகத் துணைநிற்கிறது. அறுபது வருடம் பாடிய தேவாரம் அப்பாவுக்கு முழுதாக ஒரே பொருளாக வருகிறது. "எனக்குத் தண்ணி வேணும்" என்பதை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கோக்க வேண்டும். அந்தத் தேடலில்தான் அவர் தடுக்கி விழுகிறார். சித்தப்பாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

கேட்பது விளங்குகிறதா?

வீட்டிலேயே ஒரு தரம் பார்க்கலாம். விடை உங்களுக்குத் தெரிந்த 20 கேள்விகளை எழுதுங்கள். பத்துக்கு விடை ஓம், பத்துக்கு இல்லை, மாறி மாறி. "இந்த ஊர் கண்டியா?" "அண்ணர் கனடாவிலா இருக்கிறார்?" "நான் உங்கட தங்கச்சியா?" வாயால் பதில் கேட்க வேண்டாம், "ஓம்" என்பது அவருக்கு அர்த்தமில்லாமலே வரும். ஒரு மட்டையில் சரி அடையாளம், இன்னொன்றில் புள்ளடி போட்டு இடக்கையால் தொட்டுக் காட்டச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மட்டையைத் தொட்டால் சரியாகப் பத்துத்தான் வரும். ஆகவே பத்தை அண்டிய எண் வந்தால் விளக்கம் போதாது, அல்லது மட்டை முறை இன்னும் பிடிபடவில்லை. 17, 18 வந்தால் எளிய கேள்விகளுக்கு அவர் பதிலை நம்பலாம். களைப்பில்லாத காலை நேரத்தில், கண்ணாடி போட்டிருக்கும்போது, இரண்டு வெவ்வேறு நாளில் செய்யுங்கள்.

எளிய கேள்வி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வகை மொழியிழப்பிலும் நீண்ட, சுற்றிவளைத்த வசனம் பிடிபடாமல் போகும். "தம்பி அண்ணனை அடிச்சான்" விளங்கும். "தம்பியால் அண்ணன் அடிக்கப்பட்டான்" என்றால் யார் யாரை என்று குழம்புவார்.

உறுதி

இப்போது உறுதிப் பத்திரத்தின் வசனங்களை நினைத்துப் பாருங்கள்.

இலங்கையில் காணியைக் கைமாற்றுவது பிரசித்த நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நடக்க வேண்டும். அதில் கையெழுத்துக்கும் பெருவிரலுக்கும் அடியில் இருக்க வேண்டியது ஒன்று: என்ன செய்கிறேன், யாருக்குக் கொடுக்கிறேன், அதனால் என்ன இழக்கிறேன் என்ற விளக்கம். பேச முடியாதவர் என்பதால் அந்த உரிமை அப்பாவிடமிருந்து போய்விடவில்லை. அதேபோல, பெருவிரல் பதிந்துவிட்டது என்பதால் அவர் சம்மதித்தார் என்றும் ஆகாது. விளங்காத நிலையில் எடுத்த உறுதியை நாளைக்கு இன்னொரு பிள்ளை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். தன் சார்பில் இன்னொருவர் செயற்பட எழுதிக்கொடுக்கும் அற்றோணித் தத்துவமும் அப்படித்தான், விளங்காமல் கொடுத்தால் நிலைக்காது.

அவசரம் என்ன என்று அண்ணரிடம் கேளுங்கள். பாரிசவாதத்துக்குப் பின் மொழி மிக வேகமாகத் திரும்புவது முதல் மூன்று மாதத்தில். அதற்குப் பிறகு மெதுவாக, ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூடத் தேறும். இன்னும் நான்கைந்து மாதம் பொறுத்தால் அப்பாவே தெளிவாகத் தன் விருப்பத்தைக் காட்டக்கூடும். பொறுக்க முடியாத காரணம் உண்மையாகவே இருந்தால், இந்தக் குறிப்பிட்ட முடிவை எடுக்கும் ஆற்றல் அவருக்கு இருக்கிறதா என்று வைத்தியரிடம் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். பேச்சு, மொழிச் சிகிச்சையாளரும் கூட இருந்தால் படம், மட்டை கொண்டு விளங்கப்படுத்தலாம். பயன்பெறப்போகும் பிள்ளை அந்த நேரம் அறைக்குள் இருக்கக்கூடாது. ஆற்றல் இல்லை என்று தெரிந்தால், சொத்தைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தை நாடும் வழி இருக்கிறது. அந்த நடைமுறையை ஒரு சட்டத்தரணி சொல்வதே சரி. என் பங்கு இவ்வளவு: இந்த நிலையில் அவசரமாகப் பெருவிரல் எடுக்க வேண்டாம்.

பத்து வீதமும் குளிசையும்

மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ. உடல் எடையில் சுமார் 2 வீதம். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 வீதத்தை அது எடுக்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடல் அவ்வளவு தீனி போடாது. பத்தில் ஒன்பது பங்கு வேலையில்லாமல் இருந்தால் பத்துப் பாரிசவாதத்தில் ஒன்பது எந்தத் தடயமும் இல்லாமல் போயிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

போன மொழியைத் திருப்பித் தரும் என்று நிறுவப்பட்ட குளிசை எதுவும் இல்லை. வாங்கியதைக் கொடுக்க வேண்டாம். சில மூலிகைச் சேர்க்கைகள் இரத்தம் உறையாமல் தரும் மருந்தோடு சேர்ந்தால் குருதிக்கசிவை உண்டாக்கும். போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பரியாரியாரிடம் எண்ணெய் தடவுவதென்றால் மெதுவாகத் தடவலாம். ஆனால் விழுந்த கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள், தோள்மூட்டு நழுவும். மூக்கில் எண்ணெய் விடுவதற்குச் சம்மதிக்கவே வேண்டாம். விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்கு அது நுரையீரலுக்குள் போகக்கூடும். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, குடித்தபின் குரல் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

மருந்து இருக்கும் இடம் தேவாரம்தான். 1973இல் அமெரிக்காவில் இராகம் சேர்த்துப் பேச்சுப் பழக்கும் ஒரு முறையை வகுத்தார்கள். அதன் சாரத்தை வீட்டிலும் தொடங்கலாம், சிகிச்சையாளர் பிறகு திருத்துவார். அப்பாவின் முன்னால், முகம் தெரிய உட்காருங்கள். அவருடைய இடக்கையைப் பிடித்து மேசையில் அசைக்கு ஒரு தட்டு. "தண்-ணி-தாங்-கோ." நான்கு தட்டு. இரண்டே சுரம், உயர்ந்தும் தாழ்ந்தும். முதலில் நீங்கள் மட்டும் முனகுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து பாடுங்கள், பிறகு பாதியில் நீங்கள் ஓய்ந்து அவரை முடிக்க விடுங்கள். அது நிலைத்தபின் இராகத்தைக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவாருங்கள். காலை 15 நிமிடம், பின்னேரம் 15 நிமிடம். ஒரு கிழமைக்கு மூன்று வசனத்துக்கு மேல் வேண்டாம், அவையும் அவருக்கு அன்றாடம் தேவைப்படுபவை: "நோகுது", "வேண்டாம்", "வெளியிலை போவம்". பலர் செய்யும் பிழை, தேவாரத்தையே திரும்பத் திரும்பப் பாடவைத்துவிட்டு முன்னேற்றம் என்று நினைப்பது. ஊறிய பாட்டு ஊறியபடியே இருக்கும். புது வசனத்தை இராகத்தில் ஏற்றினால்தான் பயன்.

சொற்கள் திரும்பும்போது உருபுகள் இல்லாமல் வரும். "கடை… அரிசி…" என்பார். "கடைக்குப் போய் அரிசி வாங்க" என்று திருத்திச் சொல்லவைக்காதீர்கள். விளங்கியது என்று காட்டி, முழு வசனத்தை நீங்கள் ஒருமுறை இயல்பாகச் சொல்லுங்கள், போதும்.

ஒரு காரியம் கட்டாயம் கேட்க வேண்டும். சாப்பாட்டில் விருப்பமில்லாமல், நித்திரையில்லாமல், ஆட்கள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறாரா? பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தன் முன்னாலேயே "புத்தி போச்சு" என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டு, மறுத்துச் சொல்ல வாயில்லாமல் இருப்பவரை யோசியுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து இருக்கிறது, அது தேறினால் பயிற்சியும் ஏறும்.

அடுத்த கிளினிக்கில் போதனா வைத்தியசாலையின் பேச்சு, மொழிச் சிகிச்சைக்கு அனுப்பும்படி கேளுங்கள். பிரஷர் குளிசையையும் இரத்தம் உறையாமல் தரும் குளிசையையும் ஒரு நாளும் விடாதீர்கள். மறுபடியும் முகம் கோணினால், கை விழுந்தால், இருக்கிற பேச்சும் திடீரென்று குழறினால் உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடலாம், அதுவும் கசிவு இல்லை என்று ஸ்கானில் தெரிந்தபின்தான். அதுவரை வாயால் தண்ணீரோ அஸ்பிரினோ கொடுக்க வேண்டாம்.

அண்ணர் வீடியோவில் அழைக்கும்போது ரிவியை நிற்பாட்டுங்கள். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் கதைக்கட்டும், சத்தம் போட வேண்டாம், அப்பாவின் காதில் பழுதில்லை. ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்துவரை எண்ணிவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்க வேண்டும் என்று அண்ணரிடம் சொல்லுங்கள். முதல் கேள்வி உறுதியைப் பற்றியதாக இருக்க வேண்டாம்.